சர்வாதிகாரி செத்த மறுநாள்

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி நீளமாக ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாராம். சுருக்கினால் இப்படி வரும்: "சார், எங்கள் தாத்தா பர்மாவிலிருந்து வந்தவர். அந்த நாட்டை ஆண்ட ராணுவ சர்வாதிகாரி நே வின் செத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம். நே வின் செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒன்றும் சரியான மாதிரி தெரியவில்லையே? ஒரு சர்வாதிகாரி செத்தால் உண்மையில் என்னதான் நடக்கும்? அப்புறம் இன்னொன்று, அப்படிப்பட்ட ஒருவர் செத்தால் சந்தோஷப்படுவது தப்பா?"

நான் தண்டையார்பேட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். கேள்வி கேட்டால் பதிலை நீட்டுவது பழக்கமாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. இரண்டு அமெரிக்க அரசியல் ஆய்வாளர்கள், 1946 முதல் 2014 வரை பதவியில் இருந்தபடியே இறந்துபோன 79 சர்வாதிகாரிகளைக் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 92 இடங்களில் ஆள் மட்டும்தான் போயிருந்தார், ஆட்சி அப்படியே இருந்தது. உங்கள் தாத்தா ஏமாளி இல்லை. அவரைப் போல நம்பிக் காத்திருந்தவர்கள் மாஸ்கோவிலும் இருந்தார்கள், டமாஸ்கஸிலும் இருந்தார்கள்.

ஏன் அப்படி? வடசென்னையில் இதைப் பேச ஆரம்பித்தால் உடனே ஏரியா தாதா கதைக்குப் போய்விடுவார்கள். சினிமா செய்த வேலை அது, எனக்குப் பிடிப்பதில்லை. அதைவிட நம் தெருவில் ஓடும் ஏலச்சீட்டு இதற்குப் பொருத்தமாக இருக்கும். இருபது பேர் சேர்ந்த சீட்டு. பிடிக்கிற அம்மாவிடம்தான் நோட்டு. யார் எடுத்துவிட்டார்கள், யார் இன்னும் எடுக்கவில்லை, யார் இரண்டு மாசமாக டிமிக்கி கொடுக்கிறார்கள், எல்லாம் அந்த ஒரு நோட்டில். அந்த அம்மா திடீரென்று போய்விட்டால், சாவு வீட்டில் பறைச் சத்தம் அடங்குவதற்குள் ஆட்கள் கூடிவிடுவார்கள். மகளோ மருமகளோ யாராவது நோட்டை எடுக்கட்டும், சீட்டு மட்டும் உடையக் கூடாது என்பார்கள். நோட்டு யார் கைக்குப் போவது என்பதில் அடிதடி நடக்கலாம். சீட்டு ஓட வேண்டும் என்பதில் தகராறே இருக்காது.

சர்வாதிகாரியைச் சுற்றி நிற்கிறவர்களின் நிலைமையும் இதேதான். தளபதி, மந்திரி, ரகசியப் போலீஸ் அதிகாரி, இறக்குமதி லைசென்ஸ் வாங்கிய மச்சான், எல்லோருக்கும் அந்த ஆட்சியிடமிருந்து இன்னும் வர வேண்டியது இருக்கிறது. கூடவே, செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. ஆட்சி உடைந்தால் வரவும் போச்சு, தலையும் போச்சு. அதனால் ஒருவரையொருவர் எவ்வளவு வெறுத்தாலும் முதல் சில நாட்களுக்கு ஒன்றாக நிற்பார்கள். வெட்டிக்கொள்வதெல்லாம் அப்புறம்தான்.

இதற்கு சோவியத் ரஷ்யாவை ஆண்ட ஸ்டாலினின் சாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வகுப்பில் இதை நடத்தும்போது கடைசி பெஞ்சு கூட அமைதியாகிவிடும்.

1953 பிப்ரவரி 28 ராத்திரி, மாஸ்கோவுக்குப் பக்கத்தில் இருந்த தன் பண்ணை வீட்டில் ஸ்டாலின் தனக்கு அடுத்த நிலையில் இருந்த நான்கு பேரோடு விடிய விடியச் சாப்பிட்டார், குடித்தார். மாலென்கோவ், பேரியா, குருஷேவ், புல்கானின். விருந்தாளிகள் போனதும் அவரும் படுக்கப் போனார். மறுநாள் மார்ச் 1, ஞாயிறு. மத்தியானம் ஆகியும் அறையிலிருந்து சத்தம் இல்லை. காவலர்கள் வெளியில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடாமல் உள்ளே போக யாருக்கும் தைரியம் இல்லை. சாயங்காலம் உள்ளே விளக்கு எரிந்தது, சரி, எழுந்துவிட்டார் என்று நிம்மதியானார்கள். அப்புறமும் ஆள் வெளியே வரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான், தபால் கொடுக்கிற சாக்கில் ஒருவர் உள்ளே போனார். ஸ்டாலின் தரையில் கிடந்தார், உடை நனைந்திருந்தது, பேச்சு வரவில்லை.

சரி, இப்போதாவது டாக்டருக்குச் சொன்னார்களா? இல்லை. மேலிடத்துக்குத்தான் சொன்னார்கள். மேலிடம் இன்னொரு மேலிடத்துக்குச் சொல்லச் சொன்னது. பேரியாவும் மாலென்கோவும் நள்ளிரவுக்கு மேல் வந்து பார்த்து, தூங்குகிறவரை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள் என்று காவலர்களைத் திட்டிவிட்டுப் போனார்கள். டாக்டர்கள் வந்து சேர்ந்தது மார்ச் 2 காலையில். அவர்களுக்கும் கை நடுக்கம். காரணம் இருந்தது. ஸ்டாலினுக்குப் பல வருஷமாக வைத்தியம் பார்த்த டாக்டர் அப்போது சிறையில் இருந்தார். தலைவர்களைக் கொல்ல டாக்டர்கள் சதி செய்தார்கள் என்று ஒரு வழக்கு, அதில் பெரிய பெரிய வைத்தியர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். ஊரெல்லாம் பயத்தை விதைத்தவர், அந்தப் பயத்தாலேயே பல மணி நேரம் ஒரு துணையில்லாமல் தரையில் கிடந்தார்.

மார்ச் 5 ராத்திரி 9:50க்கு உயிர் போனது. ஆனால் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே கிரெம்ளினில் கூட்டம் போட்டு, யாருக்கு எந்தப் பதவி என்று பிரித்து முடித்துவிட்டார்கள். மூச்சு இருக்கும்போதே பாகப்பிரிவினை! பத்திரப் பதிவு ஆபீசில்கூட இவ்வளவு வேகம் பார்க்க முடியாது.

(நம் ஊர்க் கதை ஒன்று இதற்குள் ஒளிந்திருக்கிறது. ஸ்டாலின் தரையில் கிடந்த அதே 1953 மார்ச் 1ஆம் தேதி சென்னையில் கருணாநிதிக்கு ஒரு மகன் பிறந்தார். சாவுச் செய்தி வந்த சமயத்தில் குழந்தைக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். பிற்காலத்தில் நம் வடசென்னையின் கொளத்தூரில் 2011, 2016, 2021 மூன்று முறையும் ஜெயித்தவர் அவர். இந்தப் பெயர் நம் காதுக்கு வீட்டுப் பெயர் மாதிரி பழகிவிட்டதால், ரஷ்யாவில் அது எப்படிக் கேட்கும் என்பதை நான் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் தனியாக விளக்க வேண்டியிருந்தது.)

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். ஆட்சி மாறவில்லை. அதே கட்சி, அதே ரகசியப் போலீஸ். ஆனால் சுமார் மூன்று வாரத்தில், மார்ச் 27ஆம் தேதி, பொது மன்னிப்பு. சுமார் 12 லட்சம் கைதிகள் முகாம்களிலிருந்து வெளியே வந்தார்கள். பெரும்பாலும் சின்னக் குற்றங்களுக்காக உள்ளே இருந்தவர்கள், அரசியல் கைதிகளில் பெரும்பகுதி காத்திருக்க வேண்டியிருந்தது. டாக்டர்களை ஏப்ரல் முதல் வாரத்தில் விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் முன்னால் நின்று செய்தவர் யார் தெரியுமா? அத்தனை வருஷம் ஆட்களைப் பிடித்து உள்ளே போட்ட பேரியாவேதான்! மனசு மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். பழி முழுவதையும் செத்தவர் தலையில் கட்டிவிட்டுத் தான் நல்லவனாகிவிடலாம் என்ற கணக்கு. மற்றவர்களுக்கும் கணக்குத் தெரியும். ஜூன் 26ஆம் தேதி அவரைக் கூட்டத்தில் வைத்தே பிடித்தார்கள், டிசம்பரில் சுட்டுக் கொன்றார்கள். மூன்று வருஷம் கழித்து, 1956 பிப்ரவரியில், குருஷேவ் மூடிய அரங்கில் ஸ்டாலினின் கொடுமைகளைப் பட்டியல் போட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் அந்தக் கொடுமைகளில் கையெழுத்துப் போட்டவர்கள், பேசியவர் உட்பட.

அதனால் 92 என்ற எண்ணைப் பார்த்து ‘எதுவுமே மாறாது’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆட்சி மாறாமலே கொடுமை குறையலாம். முகாமிலிருந்து வீட்டுக்குப் போன மனுஷனிடம் போய் ‘கட்சி இன்னும் அதேதான் ஐயா’ என்று சொன்னால் அவர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்.

வாரிசுக்கு விட்டுப்போன இடங்களைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கதைதான். ஹைட்டியில் 1971ல் தகப்பன் செத்தார், 19 வயசுப் பையன் ஆயுட்கால ஜனாதிபதி ஆனார். வட கொரியாவில் 1994லும் 2011லும் அப்பாவுக்குப் பின் மகன். துர்க்மெனிஸ்தானில் மாசங்களின் பெயரையே மாற்றி ஒன்றுக்குத் தன் அம்மா பெயரை வைத்த நியாசோவ் 2006 டிசம்பரில் செத்தார். சட்டப்படி அடுத்து வர வேண்டிய சபாநாயகர் மேல் உடனே வழக்குப் பாய்ந்தது, வேறொருவர் வந்து உட்கார்ந்தார். சிரியாவில் ஹஃபீஸ் அல் அசாத் 2000 ஜூன் 10ஆம் தேதி இறந்தார். ஜனாதிபதிக்குக் குறைந்தது 40 வயசு ஆக வேண்டும் என்று அரசியல் சட்டம். மகன் பஷாருக்கு வயசு 34. அன்றைக்கே நாடாளுமன்றம் கூடி 40ஐ 34 ஆக்கியது! நம் ஊரில் ஒரு ரேஷன் கார்டில் வயசைத் திருத்தக் கூட இதைவிட அதிகம் அலைய வேண்டும். கண் டாக்டருக்குப் படித்தவர், லண்டனில் இருந்தவர், நல்லது செய்வார் என்று சிரியாவில் சில மாசம் நம்பினார்கள். கூட்டம் போட்டுப் பேசினார்கள். அடுத்த வருஷமே பேசினவர்களை உள்ளே போட்டார்கள். பஷார் ஆட்சி விழுந்து அந்தச் சிறைக் கதவுகள் திறந்தது 2024 டிசம்பர் 8ஆம் தேதி. தகப்பன் செத்து 24 வருஷம் கழித்து. அன்றைக்குச் செட்னாயா சிறைக்குள் ஜனங்கள் செல்போன் வெளிச்சத்தில் காணாமல் போன அண்ணன் தம்பிகளின் பெயரைக் காகிதக் குவியலில் தேடிக்கொண்டிருந்த காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நூற்றுக்கு எட்டுப் பக்கம் நிற்பது ஸ்பெயின். பிராங்கோ 1975 நவம்பர் 20ஆம் தேதி செத்தார். ஆறு வருஷத்துக்கு முன்பே இளவரசர் ஹுவான் கார்லோஸைத் தன் வாரிசாக நியமித்து, எல்லாவற்றையும் நன்றாகக் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டதாகப் பெருமையாகச் சொன்னவர் அவர். தன் வலதுகையாக வைத்திருந்த பிரதமர் கரேரோ பிளாங்கோவை 1973ல் குண்டு வைத்துக் கொன்றுவிட்டார்கள், அதிலேயே ஒரு முடிச்சு அவிழ்ந்துபோனது. மீதியை அவிழ்த்தது அவரே நியமித்த ராஜாவும், ராஜா 1976ல் பிரதமராக்கிய சுவாரெஸும். சுவாரெஸ் வெளி ஆள் இல்லை, பிராங்கோ கட்சியிலேயே வளர்ந்தவர். அவர் செய்த வேலை விசித்திரமானது. பிராங்கோவின் நாடாளுமன்றத்தையே கூட்டி, உங்களை நீங்களே கலைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சட்டத்தை வைத்தார். 425 பேர் ஆதரவு, 59 பேர் எதிர்ப்பு. 1977 ஜூனில் தேர்தல், 1978 டிசம்பரில் புது அரசியல் சட்டம்.

ஏன் ஒத்துக்கொண்டார்கள்? சீட்டுக் கணக்குதான். புது ஆட்சியிலும் உங்களுக்கு இடம் உண்டு, பழைய கணக்கை யாரும் கிளற மாட்டார்கள் என்று வாக்குறுதி கிடைத்தது. 1977ல் ஒரு பொதுமன்னிப்புச் சட்டம், சிறையில் இருந்த எதிர்ப்பாளர்களுக்கும் மன்னிப்பு, அவர்களைச் சித்திரவதை செய்த போலீசுக்கும் மன்னிப்பு. வெளியே தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் மேல் வேலைநிறுத்தமாக நடத்திக்கொண்டிருந்ததும் ஒரு காரணம், ராஜாவின் நல்ல மனசை மட்டும் எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். பி அண்ட் சி மில் போராட்டங்களைக் கேட்டு வளர்ந்த நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மன்னிப்புக்கு விலை உண்டு. பிராங்கோவின் ஆட்கள் கொன்று சாலையோரக் குழிகளில் புதைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் எலும்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பிராங்கோவின் உடலை அந்த மாபெரும் நினைவிடத்திலிருந்து எடுத்து மாற்றவே 2019 அக்டோபர் வரை ஆனது.

பக்கத்து நாடான போர்ச்சுகலில் வேறு கூத்து. சலாசர் 1968ல் நாற்காலியிலிருந்து விழுந்து, மூளை பாதித்துப் படுத்தார். கயடானோ என்பவரைப் பிரதமராக்கிவிட்டார்கள். ஆனால் அதைச் சலாசரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை, இல்லை தைரியம் வரவில்லை. 1970ல் சாகும் வரை அவர் தானே ஆள்வதாக நினைத்துக்கொண்டு மந்திரிகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் போனதற்கு நாடு எந்தச் சலனமும் காட்டவில்லை. ஆட்சி விழுந்தது 1974 ஏப்ரல் 25ஆம் தேதி, ஆப்பிரிக்கச் சண்டைகளில் சலித்துப்போன இளம் ராணுவ அதிகாரிகளால்.

இப்போது உங்கள் தாத்தாவின் ஆளுக்கு வருகிறேன்.

நே வின் 1962 மார்ச் 2ஆம் தேதி ஆட்சியைப் பிடித்தார். அந்த ஜூலையிலேயே ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு, மறுநாள் மாணவர் சங்கக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். வங்கிகள் 1963ல் அரசுடைமை. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள். மே மாசம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது. அதில் கடை வைத்திருந்தவர்களில் பெரும்பகுதி இந்தியர்கள், நம் ஆட்கள் நிறைய. அதற்கப்புறம்தான் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள், மொத்தம் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். வியாசர்பாடியில் உங்கள் தெருவும், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969ல் வந்த பர்மா பஜாரும், செகண்ட் லைன் பீச்சில் சாயங்காலமானால் போடுகிற பர்மா நூடுல்ஸான அத்தோவும் அப்படி வந்தவைதான். சிலர் இங்கே ஒட்டாமல் நடந்தே திரும்பிப்போகப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது.

உங்கள் தாத்தா எதிர்பார்த்ததில் ஒரு சிக்கல் இருந்தது. நே வின் இரண்டு தடவை செத்தார். முதல் சாவு 1988ல், பதவி போனது. அதற்கு முந்தின வருஷம் செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்து, பதிலுக்கு 45, 90 என்று நோட்டு அடித்தார். ஒன்பது அவருக்கு ராசியான எண் என்று ஊரே பேசிக்கொண்டது. நமக்கு உடனே 2016 நவம்பர் ஞாபகம் வரும். ஆனால் நமக்கு வரிசையில் நின்றாவது மாற்றிக்கொள்ள வங்கி இருந்தது. அங்கே மாற்றே கிடையாது, பெட்டியில் இருந்தது வெறும் காகிதம் ஆனது. 1988 மார்ச்சில் ரங்கூனில் ஒரு டீக்கடையில் எந்தக் கேசட் போடுவது என்ற தகராறு மாணவர் போராட்டமாக மாறியது. ஜூலை 23ஆம் தேதி நே வின் பதவி விலகினார். விலகுகிற பேச்சிலேயே, ராணுவம் சுட்டால் வானத்தைப் பார்த்துச் சுடாது, ஆளைப் பார்த்துத்தான் சுடும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். ஆகஸ்ட் 8ஆம் தேதி நாடே தெருவுக்கு வந்தது. சொன்னபடியே சுட்டார்கள். செப்டம்பர் 18ஆம் தேதி ராணுவம் புதுப் பெயரில் ஆட்சியை எடுத்துக்கொண்டது. 1990 தேர்தலில், ராணுவத்தை எதிர்த்து நின்ற ஆங் சான் சூச்சியின் கட்சி 392 இடம் ஜெயித்தும் ஆட்சியைக் கொடுக்கவில்லை.

நோட்டு கை மாறிவிட்டது தம்பி. சீட்டு உடையவில்லை. 1988லேயே உங்கள் தாத்தாவின் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, கவனிக்கத்தான் இல்லை.

இரண்டாவது சாவு 2002 டிசம்பர் 5ஆம் தேதி. வயசு தொண்ணூறைத் தாண்டியிருந்தது. ஆட்சிக் கவிழ்ப்புக்குத் திட்டம் போட்டதாக அந்த வருஷம் மார்ச்சிலேயே மருமகனையும் பேரன்களையும் பிடித்துவிட்டார்கள், கிழவரை ஏரிக்கரை வீட்டிலேயே காவலில் வைத்திருந்தார்கள். செத்த அன்றைக்கே எரித்தார்கள். அரசு மரியாதை இல்லை, ஊர்வலம் இல்லை. அஸ்தியை மகள் ஆற்றில் கரைத்தார். அவர் வளர்த்த ராணுவம் அவரை நினைக்கக் கூட விரும்பவில்லை. அப்படிச் செய்தவர்கள் ஜனநாயகவாதிகளா? அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள். 2008ல் அவர்கள் எழுதிய அரசியல் சட்டம் நாடாளுமன்றத்தில் கால்வாசி இடத்தைத் தேர்தல் இல்லாமலே ராணுவத்துக்குக் கொடுத்தது. 2015ல் சூச்சி கட்சி ஜெயித்தது. 2021 பிப்ரவரி 1ஆம் தேதி மறுபடியும் ராணுவம்.

இதுமாதிரிச் செய்தி அடுத்த தடவை எங்கிருந்தாவது வந்தால், செத்தவர் முகத்தைப் பார்க்காதீர்கள். சவ ஊர்வலத்தைப் பாருங்கள். ஸ்டாலினின் இறுதிச் சடங்குக் குழுவுக்குத் தலைவர் குருஷேவ். பிற்பாடு அங்கே ஆண்ட பிரெஷ்னெவுக்கு ஆந்த்ரோபோவ், ஆந்த்ரோபோவுக்குச் செர்னென்கோ, செர்னென்கோவுக்குக் கோர்பச்சேவ். சாவு வேலையை எடுத்துச் செய்தவர் கையிலேயே சாவி வந்திருக்கிறது. அதுவும் நிலையில்லை என்பதற்கு 2011 டிசம்பர் 28 பியோங்யாங் படம். பனியில் கிம் ஜோங் இல்லின் சவ வண்டிக்கு இரண்டு பக்கமுமாக மொத்தம் எட்டுப் பேர் நடந்தார்கள். மகனுக்குப் பின்னால் நடந்த அத்தை புருஷன் ஜாங் சாங் தேக்குக்கு 2013 டிசம்பரில் மரண தண்டனை. எதிர்ப்பக்கம் முதலில் நடந்த தளபதி ரி யோங் ஹோவுக்கு 2012 ஜூலையிலேயே பதவி போனது.

சந்தோஷப்படலாமா என்று கேட்டீர்கள். நான் என்ன சொல்ல? 2002ல் அந்தச் செய்தி பேப்பரில் சின்னதாக வந்த அன்று, செகண்ட் லைன் பீச்சில் நான் வழக்கமாகச் சாப்பிடும் அத்தோ கடைப் பெரியவரிடம் காட்டினேன். ரங்கூன் மொகல் தெருவில் அவர் அப்பாவுக்குக் கடை இருந்தது. செல்லாத 100 கியாட் நோட்டு ஒன்றை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருப்பார். முட்டைக்கோஸ் சீவிக்கொண்டே கேட்டார்.

"செத்துட்டானா? எத்தினி வயசு?"

"தொண்ணூறுக்கு மேல."

"நல்லா வாழ்ந்துட்டுத்தான் போயிருக்கான்."

புளித்தண்ணி ஊற்றி, மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கையால் பிசைந்து என் முன்னால் வைத்துவிட்டு, அப்புறம் இன்னொன்று கேட்டார். "இப்போ போனா அண்ணன் வூட்ல ராத்திரி தங்க வுடுவாங்களா சார்?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவருடைய அண்ணன் வராமல் ரங்கூனிலேயே தங்கிவிட்டவர். அங்கே ஒரு வீட்டில் வெளி ஆள் ராத்திரி தங்கினால் அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நடுராத்திரி கதவைத் தட்டிச் சோதனை போடுவார்கள். வெளிநாட்டுக்காரர் என்றால் ஓட்டலில்தான் தங்க வேண்டும். அவருக்கு விடுதலை என்றால் அண்ணன் வீட்டுத் திண்ணையில் ஒரு ராத்திரி படுப்பது, அவ்வளவுதான். அந்தப் பதிவுச் சட்டத்தைச் சூச்சி அரசு 2016ல் எடுத்தது. 2021 பிப்ரவரியில், ஆட்சியைப் பிடித்த இரண்டு வாரத்துக்குள், ராணுவம் முதல் வேலையாகத் திரும்பக் கொண்டுவந்தது.

பெரியவர் 2014ல் போய்வந்தார். பையன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். அண்ணன் அதற்கு ஐந்து வருஷம் முன்பே இறந்துவிட்டார், லாட்ஜில்தான் தங்கினாராம். மொகல் தெருவுக்கு இப்போது ஷ்வே போன் தா தெரு என்று பெயர். அப்பாவின் கடை இருந்த இடத்தை ஒரு மத்தியானம் முழுக்க நடந்து கண்டுபிடித்திருக்கிறார். அங்கே ஒரு பையன் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தானாம். தமிழில் பேசிப் பார்த்திருக்கிறார், பையனுக்குப் புரிந்திருக்கிறது. கடைக்கு வாடகை எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்.